மின்னஞ்சல் சந்தைப்படுத்தல்

மின்னஞ்சல் சந்தைப்படுத்தல் என்பது ஒரு நிறுவனமோ அமைப்போ தனது பொருள், சேவை அல்லது கோரிக்கை பற்றிய செய்தியை மின்னஞ்சல் வழியாகப் பலருக்கு ஒருசேர அனுப்பும் முறையாகும். கடைகளின் சலுகை அறிவிப்புகள், பதிப்பகங்களின் செய்திமடல்கள், தொண்டு அமைப்புகளின் நன்கொடை வேண்டுகோள்கள் ஆகியன இவ்வகையுள் அடங்கும். அச்சுச் செலவோ அஞ்சல் கட்டணமோ இல்லாமையால், பத்துப் பேருக்கு அனுப்புவதற்கும் பத்தாயிரம் பேருக்கு அனுப்புவதற்கும் ஆகும் செலவில் பெரிய வேறுபாடு இல்லை. இம்முறையின் வலிமையும் அதுவே, சிக்கலும் அதுவே. அனுப்புநருக்கு மலிவாக முடியும் வேலை பெறுநருக்கு அவ்வாறு முடிவதில்லை. மடலைப் பார்த்து, வேண்டுமா வேண்டாமா எனத் தீர்மானித்து, வேண்டாததை நீக்கும் உழைப்பு முழுவதும் பெறுநரையே சேர்கிறது.

ஒரு சந்தைப்படுத்தல் மடல் படிக்கப்பட வேண்டுமானால் அது மூன்று படிகளைக் கடக்க வேண்டும். முதலாவது, எரித வடிகட்டிகளைக் கடந்து உள்பெட்டியை அடைதல். இரண்டாவது, பல மடல்களுக்கு நடுவே கண்ணில் பட்டுத் திறக்கப்படுதல். மூன்றாவது, திறந்தவருக்கு ஏதேனும் பயன் தருதல். கவர்ச்சியான தலைப்பு ஒன்றே போதும் என்ற கருத்து பரவலாக உள்ளது. எனினும் மூன்று படிகளிலும் முடிவை நிர்ணயிப்பது, அம்மடலைப் பெறுநர் எதிர்பார்த்தாரா, முன்பு வந்த மடல்கள் அவருக்குப் பயன்பட்டனவா என்பதே ஆகும்.

வரலாறு

கணினி வலையமைப்பு வழியாக அனுப்பப்பட்ட முதல் மின்னஞ்சல் 1971ஆம் ஆண்டில் ரே டொம்லின்சன் என்பவரால் ஆர்ப்பாநெட் வலையமைப்பில் அனுப்பப்பட்டது. ஏழு ஆண்டுகளுக்குப் பின்னர், 1978 மே மாதத்தில், டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேசன் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்தின் விற்பனைத் துறையைச் சேர்ந்த கேரி துவெர்க், அவ்வலையமைப்பின் பயனர்கள் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பர மடலை அனுப்பினார். கலிபோர்னியாவில் நடக்கவிருந்த புதிய கணினி அறிமுக நிகழ்ச்சிகளுக்கான அழைப்பு அது. முகவரிகளின் எண்ணிக்கை மென்பொருளின் வரம்பை மீறியதால், எஞ்சிய முகவரிகள் மடலின் உடற்பகுதிக்குள் வழிந்தன. பயனர்கள் பலர் கண்டனம் தெரிவித்தனர். வலையமைப்பின் நிருவாகிகளும் இவ்வாறு மீண்டும் செய்யக் கூடாது என எச்சரித்தனர். ஆயினும் அம்மடலால் 1 கோடி டாலருக்கு மேற்பட்ட விற்பனை கிடைத்ததாகத் துவெர்க் பிற்காலத்தில் கூறினார். விளம்பர மடல் பணம் ஈட்டும், அதே நேரத்தில் வெறுப்பையும் ஈட்டும் என்பது அந்த முதல் நிகழ்விலேயே வெளிப்பட்டுவிட்டது.

1990களில் இணையம் பொதுமக்களிடையே பரவியபோது, கேட்காமலேயே அனுப்பப்படும் மடல்கள் பெருகின. இவை ஸ்பேம் அல்லது எரிதம் என அழைக்கப்பட்டன. எரிதம் அனுப்புவோரைக் கண்காணித்துத் தடைப்பட்டியல் வெளியிடும் ஸ்பேம்ஹவுஸ் அமைப்பு 1998இல் தொடங்கப்பட்டது. 1999இல் சேத் கோடின் எழுதிய நூலொன்று, பெறுநரின் ஒப்புதலுடன் மட்டுமே விளம்பரம் அனுப்ப வேண்டும் என்ற கருத்தைப் பரப்பியது. 2002இல் நிரலாளர் பால் கிரகாம் எழுதிய கட்டுரையைத் தொடர்ந்து, சொற்களின் நிகழ்தகவைக் கொண்டு எரிதத்தை இனங்காணும் பேய்சிய வடிகட்டிகள் பரவலான பயன்பாட்டுக்கு வந்தன. 2013இல் ஜிமெயில் சேவை உள்பெட்டியைத் தத்தல்களாகப் பிரித்து, விளம்பர மடல்களுக்கெனத் தனித் தத்தல் ஒன்றை ஏற்படுத்தியது.

ஒப்புதல்

மடல் பெறுவோரின் முகவரிப் பட்டியல் எவ்வாறு திரட்டப்பட்டது என்பதே இம்முறையின் அடித்தளமாகும். பட்டியலில் சேர்க்கும் வழிகள் பொதுவாக மூன்று.

முதலாவது, பெறுநரைக் கேட்காமலேயே சேர்ப்பது. முகவரிகளை விலைக்கு வாங்குதல், இணையத்தளங்களிலிருந்து நிரல் கொண்டு திரட்டுதல் ஆகியன இதிலடங்கும். இரண்டாவது, ஒற்றை ஒப்புதல். பெறுநர் ஒரு படிவத்தில் தமது முகவரியை இட்டவுடன் அவர் சேர்க்கப்படுவார். மூன்றாவது, இரட்டை ஒப்புதல். படிவத்தில் இட்ட முகவரிக்கு உறுதிப்படுத்தும் மடலொன்று செல்லும். அதிலுள்ள இணைப்பைச் சொடுக்கிய பின்னரே அம்முகவரி பட்டியலில் சேரும். பிழையாகத் தட்டச்சு செய்யப்பட்ட முகவரிகளும், ஒருவர் அறியாமல் மற்றொருவர் இட்ட முகவரிகளும் இம்முறையில் விலக்கப்படுகின்றன. இதனால் பட்டியலின் அளவு சுருங்கும். எனினும் எஞ்சியிருப்போர் தாமே விரும்பிச் சேர்ந்தவர்கள் ஆவர்.

விலைக்கு வாங்கிய பட்டியல்களில் பொறி முகவரிகள் கலந்திருப்பது உண்டு. எந்த மனிதராலும் பயன்படுத்தப்படாத இம்முகவரிகளைத் தடைப்பட்டியல் அமைப்புகளும் மின்னஞ்சல் சேவைகளும் வைத்துள்ளன. இவற்றுக்கு ஒரு மடல் வந்தாலே, அதை அனுப்பியவர் ஒப்புதல் பெறாத பட்டியலைப் பயன்படுத்துகிறார் என்பதற்கு அது வலுவான சான்றாகக் கொள்ளப்படும்.

ஒப்புதல் என்பது முகவரியைப் பெறுவதுடன் முடிவதில்லை. எதைப் பற்றி, எவ்வளவு இடைவெளியில் மடல் வரும் எனப் பதிவுப் படிவத்தில் கூறப்பட்டதோ, அதற்கே பெறுநர் இசைந்துள்ளார். மாதம் ஒரு செய்திமடல் என்று கூறிச் சேர்த்துவிட்டு நாள்தோறும் சலுகை அறிவிப்பு அனுப்பினால், அவற்றுக்கு அவர் ஒப்புதல் தந்ததாகக் கொள்ள இயலாது.

உள்பெட்டியை அடைதல்

மின்னஞ்சலுக்கான எஸ்எம்டிபி நெறிமுறை 1982இல் வரையறுக்கப்பட்டபோது, அனுப்புநரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. கடித உறையின் பின்புறம் எவர் பெயரையும் எழுதலாம் என்பதைப் போல, எவர் முகவரியிலிருந்தும் மடல் அனுப்புவதாகக் காட்டலாம். இக்குறையைக் களையப் பின்வரும் மூன்று முறைகள் பிற்காலத்தில் உருவாயின.

எஸ்பிஎஃப்: ஓர் ஆள்களப் பெயருக்காக மடல் அனுப்ப உரிமை பெற்ற வழங்கிகளின் பட்டியலை, அந்த ஆள்களத்தின் உரிமையாளர் டிஎன்எஸ் பதிவில் வெளியிடுவார்.

டிகிம்: அனுப்பும் வழங்கி மடலில் ஒரு மின்கையொப்பம் இடும். பெறும் வழங்கி, டிஎன்எஸ் பதிவிலுள்ள பொதுத் திறவுகோலைக் கொண்டு அதைச் சரிபார்க்கும். வழியில் மடல் மாற்றப்பட்டிருந்தால் கையொப்பம் பொருந்தாது.

டிமார்க்: பெறுநர் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் முகவரி, மேற்கண்ட இரண்டில் ஒன்றுடனாவது பொருந்துகிறதா எனப் பார்க்கும். பொருந்தாவிடில் மடலை ஏற்பதா, ஒதுக்குவதா, மறுப்பதா என்னும் ஆள்கள உரிமையாளரின் கொள்கையையும் இது தெரிவிக்கும்.

இம்முறைகள் மடலை அனுப்பியவர் யார் என்பதை மட்டுமே உறுதிசெய்கின்றன. அவர் நல்லவரா என்பதை இவை கூறுவதில்லை. எரிதம் அனுப்புவோரும் இவற்றை முறையாக அமைத்துக்கொள்ள முடியும். எனவே மின்னஞ்சல் சேவைகள் அடுத்த நிலையில் அனுப்புநரின் நற்பெயரைக் கணக்கிடுகின்றன. பெறுநர்களில் எத்தனை பேர் மடலை எரிதம் எனக் குறித்தனர், இல்லாத முகவரிகளுக்கு எத்தனை மடல்கள் சென்றன என்பன போன்றவை இக்கணக்கில் சேரும். இவ்வாறு, இன்று ஒரு பெறுநர் காட்டும் எரிச்சல் நாளை மற்றொரு பெறுநரின் உள்பெட்டிக்கு அம்மடல் செல்லாமல் தடுக்கக்கூடும்.

2024 பெப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் பெருந்தொகை அனுப்புநர்களுக்கான புதிய விதிகளை நடைமுறைப்படுத்தத் தொடங்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5000 அல்லது அதற்கு மேற்பட்ட மடல்களை அனுப்புவோர் மேற்கண்ட மூன்று முறைகளையும் பின்பற்ற வேண்டும். எரிதம் எனக் குறிக்கப்படும் மடல்களின் விகிதம் 0.3 விழுக்காட்டை எட்டக் கூடாது. அதாவது 1000 மடல்களில் மூவர் முறையிட்டாலே அது எல்லையாகிவிடும். 0.1 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பதே நன்று எனக் கூகுள் பரிந்துரைக்கிறது. 2025 மே மாதத்தில் மைக்ரோசாப்ட் நிறுவனமும் தனது அவுட்லுக் சேவைக்கு இதையொத்த சான்றளிப்பு விதிகளைக் கொண்டுவந்தது.

நற்பெயர் கெடுவதன் விளைவு விளம்பரத்துடன் நின்றுவிடுவதில்லை. பல நிறுவனங்கள் விற்பனைச் சீட்டு, கடவுச்சொல் மீட்பு, பயண முன்பதிவு போன்ற மடல்களையும் அதே ஆள்களப் பெயரிலிருந்தே அனுப்புகின்றன. விளம்பரங்களால் அப்பெயர் கெட்டால், பெறுநர் காத்திருக்கும் இன்றியமையாத மடலும் எரிதப் பெட்டிக்குள் விழக்கூடும். இதனைத் தவிர்க்க, விளம்பரங்களைத் தனித் துணை ஆள்களத்திலிருந்து அனுப்பும் வழக்கம் உள்ளது.

திறக்கப்படுதல்

உள்பெட்டியின் பட்டியலில் ஒரு மடல் பற்றிப் பெறுநர் காண்பவை மூன்றே: அனுப்புநர் பெயர், தலைப்பு வரி, முன்னோட்ட வரி.

அனுப்புநர் பெயர், பெறுநர் எந்தப் பெயரை நம்பிப் பதிவு செய்தாரோ அதே பெயராக இருத்தல் வேண்டும். கடையின் பெயரை அறிந்தவருக்கு அக்கடையை நடத்தும் தாய் நிறுவனத்தின் பெயரில் மடல் வந்தால், அவர் அதை அயலார் மடலாகவே கருதுவார். மறுமொழி அனுப்ப இயலாத முகவரியைப் பயன்படுத்துவதும் நன்றன்று. பெறுநர் ஐயம் கேட்க முனைந்து, மடல் திரும்பி வந்தால், அடுத்த முறை அவர் எரிதப் பொத்தானையே நாடக்கூடும்.

தலைப்பு வரி உள்ளே இருப்பதைச் சுருக்கமாகவும் உண்மையாகவும் கூற வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு புத்தகக் கடை "மாபெரும் சலுகை! இன்றே முந்துங்கள்!!!" எனத் தலைப்பிடலாம், "தமிழ் அகராதிகளுக்கு 20% தள்ளுபடி, ஞாயிறு வரை" எனவும் தலைப்பிடலாம். முதலாவது எந்தக் கடைக்கும் பொருந்தும். இரண்டாவதில் பொருள், அளவு, காலம் ஆகிய மூன்றும் உள்ளன. அகராதி வேண்டாதவர் இதைத் திறக்க மாட்டார். அதனால் இழப்பு ஏதுமில்லை, ஏனெனில் அவர் திறந்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டார். மேலும் அவர் ஏமாற்றமடையாததால் அடுத்த மடலை ஐயத்துடன் நோக்கவும் மாட்டார். கைப்பேசித் திரையில் தலைப்பின் பிற்பகுதி வெட்டப்படுவதால் முதன்மையான சொற்கள் தொடக்கத்திலேயே அமைதல் வேண்டும்.

முன்பே உரையாடல் நடந்தது போலத் தலைப்பின் முன் "மறுமொழி:" எனச் சேர்ப்பது, கணக்கு முடக்கப்படும் என அச்சுறுத்துவது போன்ற உத்திகள் ஒருமுறை திறக்க வைக்கும். ஆனால் ஏமாந்தவர் அனுப்புநரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்வார்.

முன்னோட்ட வரி என்பது தலைப்பை அடுத்து மங்கலாகத் தோன்றும் உரையாகும். மடலின் உடற்பகுதியில் முதலில் வரும் சொற்களே இவ்விடத்தில் காட்டப்படுகின்றன. இதைக் கருதாமல் வடிவமைத்த மடல்களில், "இம்மடல் சரியாகத் தெரியவில்லையா? உலாவியில் காண்க" என்ற வரியே முன்னோட்டமாகத் தோன்றி இடத்தை வீணாக்கிவிடும்.

உள்ளடக்கம்

படிக்கப்படும் மடல்களில் பெரும்பாலும் ஒரு மடலுக்கு ஒரு நோக்கமே இருக்கும். ஐந்து சலுகைகளும் மூன்று அறிவிப்புகளும் கொண்ட மடலில், எதைச் செய்ய வேண்டும் என்பது பெறுநருக்கு விளங்காது. முதல் பத்தியிலேயே செய்தியைக் கூறி, அடுத்துச் செய்யவேண்டியதை ஒரே தெளிவான இணைப்பாகத் தருவது நல்ல முறையாகக் கருதப்படுகிறது.

முழு மடலையும் ஒரே படமாக அனுப்பும் வழக்கம் பல குறைகளை உடையது. படங்களைக் காட்டாதவாறு அமைத்துள்ள பெறுநருக்கு வெற்றுப் பெட்டி மட்டுமே தெரியும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைபடிப்பி மென்பொருளால் படத்திலுள்ள எழுத்துகளை நம்பத்தக்க வகையில் படிக்க இயலாது. பெறுநர் பின்னாளில் சொல்லைக் கொண்டு தேடினாலும் மடல் அகப்படாது. ஆகவே செய்தி உரையாகவும், படம் துணையாகவும், ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை உடையதாகவும் இருத்தல் வேண்டும். மேலும் ஏறக்குறைய 102 கிலோபைட்டை மீறும் மடல்களை ஜிமெயில் இடையில் வெட்டிவிடுகிறது. மடலின் அடியிலுள்ள விலகல் இணைப்பும் அப்போது மறைந்துபோகும்.

தமிழில் அமையும் மடல்கள்

ஒருங்குறி பரவுவதற்கு முன்னர் தமிழ் மடல்கள் தகுதரம் போன்ற குறிமுறைகளில் எழுதப்பட்டன. பெறுநரின் கணினியில் உரிய எழுத்துரு இல்லாவிடில் அவை பொருளற்ற குறிகளாகத் தோன்றின. இன்று யுடிஎஃப்-8 குறிமுறை பொதுவாகிவிட்டதால் இச்சிக்கல் பெரிதும் குறைந்துள்ளது. எனினும் தொழில்நுட்பத்தில் கவனிக்க வேண்டியவை சில உள்ளன.

யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியுருவும் 3 பைட்டுகளைக் கொள்ளும். "வணக்கம்" என்ற சொல், மெய்ப்புள்ளிகளையும் சேர்த்து 7 குறியுருக்கள், அதாவது 21 பைட்டுகள் ஆகும். 1996இல் வெளியான ஆர்எஃப்சி 2047 என்ற தரத்தின்படி, ஆங்கிலம் அல்லாத தலைப்பு வரியைத் துண்டுகளாகப் பிரித்துக் குறியேற்றம் செய்ய வேண்டும். ஒரு துண்டு 75 எழுத்துகளை மீறக் கூடாது. பேஸ்64 முறையில் இத்தகைய துண்டு ஒன்றில் 45 பைட்டுகள், அதாவது 15 தமிழ்க் குறியுருக்கள் மட்டுமே அடங்கும். எந்தத் துண்டும் ஒரு குறியுருவின் நடுவில் முறியக் கூடாது என்பதும் அத்தரத்தின் விதியே. கவனமின்றி எழுதப்பட்ட மென்பொருள் பைட்டுகளை எண்ணி வெட்டும்போது, தலைப்பின் நடுவே வினாக்குறிகளோ கட்டங்களோ தோன்றுகின்றன. சிதைந்த தலைப்பு பெறுநருக்கு எரிதத்தின் அடையாளமாகவே தோன்றும் என்பதால், நீளமான தமிழ்த் தலைப்புகளைப் பல மின்னஞ்சல் மென்பொருள்களில் சோதித்துப் பார்ப்பது தேவையாகிறது.

சோதனையும் அளவீடும்

ஒரே மடலின் இரு வடிவங்களைப் பட்டியலின் இரு சிறு பகுதிகளுக்கு அனுப்பி, நல்ல பயன் தரும் வடிவத்தை ஏனையோருக்கு அனுப்பும் முறை ஏ/பி சோதனை எனப்படும். இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு 2012ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் பராக் ஒபாமாவின் பரப்புரைக் குழுவாகும். அக்குழு இணையம் வழியாகத் திரட்டிய ஏறக்குறைய 69 கோடி டாலரில் பெரும்பகுதி நன்கொடை மடல்களால் கிடைத்தது. 2012 சூன் மாதத்தில், எதிரணி தன்னைவிட அதிகமாகச் செலவிடும் எனப் பொருள்படும் தலைப்புடன் சென்ற ஒரு மடல் 26 இலட்சம் டாலருக்கு மேல் ஈட்டியது. சோதிக்கப்பட்ட தலைப்புகளுள் மிகவும் பின்தங்கியதை அனுப்பியிருந்தால் ஏறக்குறைய 4 இலட்சம் டாலரே கிடைத்திருக்கும் எனக் கணக்கிடப்பட்டது. எந்தத் தலைப்பு வெல்லும் என்பதை அனுபவம் மிக்க எழுத்தாளர்களாலும் முன்கூட்டிச் சரியாகக் கூற முடியவில்லை. நண்பர் ஒருவர் எழுதியது போன்ற எளிய தலைப்புகள் நன்கு பயன்பட்டன. ஆயினும் எந்த உத்தியும் நீண்டநாள் நிலைக்கவில்லை. புதுமை தேய்ந்ததும் பயனும் தேய்ந்தது. அம்மடல்களைப் பெற்றோர் முன்பே வேட்பாளர் மீது ஈடுபாடு கொண்டவர்கள் என்பதையும் இங்கு கருத வேண்டும்.

சிறிய பட்டியல்களில் சோதனை முடிவுகள் தவறாக வழிகாட்டக்கூடும். தலா 200 பேருக்கு இரு தலைப்புகளை அனுப்பியதில் ஒன்றை 40 பேரும் மற்றொன்றை 48 பேரும் திறந்ததாகக் கொள்வோம். 20 விழுக்காட்டுக்கும் 24 விழுக்காட்டுக்கும் இடையிலான இவ்வேறுபாடு தற்செயலாகவே எளிதில் ஏற்படக்கூடியது. தலா 5000 பேருக்கு அனுப்பியும் இதே வேறுபாடு கிடைத்தால் மட்டுமே அதை நம்பத்தக்கதாகக் கொள்ளலாம்.

மடல் திறக்கப்பட்டதா என்பது, கண்ணுக்குத் தெரியாத சிறு படமொன்றை மடலில் பொதிந்து, அப்படம் வழங்கியிலிருந்து தரவிறக்கப்படுகிறதா எனப் பார்த்து அளக்கப்படுகிறது. இவ்வளவீடு இன்று நம்பத்தக்கதாக இல்லை. 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் தனது மின்னஞ்சல் செயலியில் அறிமுகப்படுத்திய தனியுரிமைப் பாதுகாப்பு வசதி, அதை ஏற்ற பயனர் மடலைத் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே தரவிறக்கிவிடுகிறது. இதனால் திறக்கப்படாத மடலும் திறக்கப்பட்டதாகக் கணக்கில் சேரும். மாறாக, படங்களைத் தடுத்தவர் முழுவதையும் படித்தாலும் கணக்கில் வருவதில்லை. சில பாதுகாப்பு மென்பொருள்கள் இணைப்புகளைத் தாமே சொடுக்கிச் சோதிப்பதால் சொடுக்கு எண்ணிக்கையும் மிகையாகலாம். எனவே மறுமொழி, வாங்குதல், பதிவு செய்தல் போன்ற மனிதச் செயல்களையும், எரித முறையீடுகளையும் சேர்த்து நோக்குவதே சரியான மதிப்பீட்டைத் தரும்.

சட்டங்கள்

அமெரிக்காவின் கேன்-ஸ்பேம் சட்டம் 2003இல் இயற்றப்பட்டு 2004 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அது முன் ஒப்புதலைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் பொய்யான அனுப்புநர் விவரத்தையும் ஏமாற்றும் தலைப்புகளையும் தடைசெய்கிறது. அனுப்புநரின் அஞ்சல் முகவரியும் விலகும் வழியும் மடலில் இருக்க வேண்டும். விலகல் வேண்டுகோளை 10 வேலை நாட்களுக்குள் நிறைவேற்ற வேண்டும். இதற்கு மாறாக, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு நெறியுரை, சில விலக்குகளுடன், முன் ஒப்புதலை வேண்டுகிறது. ஒப்புதல் எவ்வாறு பெறப்பட வேண்டும் என்பதை 2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி மேலும் இறுக்கியது. 2014 சூலை முதல் நடைமுறையிலுள்ள கனடாவின் சட்டமும் ஒப்புதலை அடிப்படையாகக் கொண்டதே. இந்தியாவில் 2023இல் இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மின்னஞ்சலுக்கெனத் தனியே இயற்றப்பட்டதன்று. எனினும் தனிநபர் தரவைப் பயன்படுத்த ஒப்புதல் பெறுவது பற்றியும், தந்த ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமை பற்றியும் அது கூறுகிறது.

விலகும் வழி

விலகல் இணைப்பை மங்கிய நிறத்தில் மறைப்பதும், விலகக் கடவுச்சொல் கேட்பதும் பட்டியலின் அளவைக் காக்கும் எனச் சில அனுப்புநர்கள் கருதுகின்றனர். நடைமுறையில் விலக வழி காணாத பெறுநர், கைக்கெட்டும் தொலைவிலுள்ள எரிதப் பொத்தானை அழுத்துகிறார். விலகியவரால் பட்டியலில் ஒரு முகவரி மட்டுமே குறையும். எரிதம் எனக் குறித்தவரால் ஏனைய பெறுநர் அனைவரையும் அடையும் வாய்ப்பும் குறையும்.

ஒரே சொடுக்கில் விலகும் முறையை 2017இல் வெளியான ஆர்எஃப்சி 8058 வரையறுத்தது. மடலின் தலைப்பகுதியில் குறிப்பிட்ட இரு வரிகள் இருந்தால், மின்னஞ்சல் செயலி தனது திரையிலேயே விலகல் பொத்தானைக் காட்டும். மேற்குறித்த 2024ஆம் ஆண்டு விதிகள், பெருந்தொகை அனுப்புநர்களுக்கு இதைக் கட்டாயமாக்கி, வேண்டுகோளை 2 நாட்களுக்குள் நிறைவேற்றவும் வேண்டுகின்றன.

விலகாமலும் படிக்காமலும் பட்டியலில் தங்கிவிடும் முகவரிகளும் உண்டு. நெடுநாள் எவ்விதச் செயலும் காட்டாதவர்களிடம், தொடர்ந்து மடல் வேண்டுமா எனக் கேட்டு, மறுமொழி வராவிடில் நீக்கிவிடுவது நல்ல நடைமுறையாகும். இவ்வாறு சுருங்கிய பட்டியலில் எஞ்சுவோர், மடல் வரும் என அறிந்து அதை ஏற்றுக்கொண்டவர்கள் ஆவர்.